வேப்பந்தாங்கல் எலிகள்

ஜனவரி 8

வேப்பந்தாங்கலில் இன்றுதான் முதல் முறையாகப் பொறி வைத்தோம். வைத்தோம் என்பது ஒரு பேச்சுக்கு. கூண்டுகளைத் தூக்கி வந்து, வளை பார்த்து, ஒவ்வொன்றாக வைத்தது முழுக்க என் வீட்டுக்காரர். நான் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று அதிகாரம் செய்தேன். இரைக்கு வாங்கிய மசால் வடையில் பாதியை அவரே தின்றுவிட்டார். கேட்டால், எலிக்குப் போடுவதைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா என்கிறார்.

சில வருடம் கழித்துப் படித்தால் எனக்கே புரியாது என்பதால் எழுதி வைக்கிறேன். என் ஆய்வுக்கு இரண்டு ஊர். ஒன்று கொண்டசேரி. அங்கே முன்பு ஒரு பூச்சிமருந்து கம்பெனி இருந்தது, அதன் கழிவு நீர் ஏரியில்தான் விழுந்தது. கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. ஆனால் அங்கே தயாரித்த மருந்து சீக்கிரத்தில் அழிகிற ஜாதி இல்லை. மண்ணில் அப்படியே கிடக்கும். எலி உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கி, ஹார்மோன் வேஷம் போடும். உடம்பு யாரையோ கூப்பிட, ராங் நம்பர் எடுத்துப் பேசுகிற மாதிரி. அந்த எலிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான ஊர் வேண்டும். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது வேப்பந்தாங்கல், என் புகுந்த வீடு. கம்பெனி கிடையாது, கொண்டசேரியிலிருந்து தூரம், தண்ணீரும் அங்கிருந்து வருவதில்லை. பேராசிரியர் ரங்கநாயகி மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "புருஷன் வீட்டுச் சாப்பாடும் ஆச்சு, ஆராய்ச்சியும் ஆச்சு" என்று சிரித்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 9

நல்ல வேட்டை. அத்தை கூண்டுகளை வாசலுக்குள் விடவில்லை. பொங்கல் வரும் நேரத்தில் எலியோடு வருகிற மருமகளை யார் வீட்டிலாவது பார்த்திருக்கிறோமா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அங்கலாய்த்தார். மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டுக் குளித்த பிறகுதான் காப்பி கிடைத்தது.

ஜனவரி 15

பொங்கல் நன்றாக நடந்தது. புது அரிசி. இந்த முறை விளைச்சல் அமோகம் என்று ஊரே பேசுகிறது. அவர் வயலில் கதிர் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. அத்தை சாமி கும்பிடும்போது வழக்கம்போல ஒன்றையே வேண்டிக்கொண்டார். வாய்விட்டு வேண்டினார், நான் கேட்கட்டும் என்று.

ஜனவரி 24

கல்லூரி ஆய்வகத்தில் கொண்டசேரி எலிகளை அறுத்து முடித்தேன். எதிர்பார்த்ததுதான். ஆண் எலிகளின் விரைகள் வதங்கிய சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்திருக்கின்றன. ரத்தத்தில் ஆண் ஹார்மோன் குறைவு. பெண் எலிகள்தான் மனசை என்னவோ செய்தன.

எலிக்கு ஒரு விசேஷம் உண்டு. கரு தங்கி, பிறகு கரைந்துபோனால், கருப்பையில் அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி நின்றுவிடும். அறுத்துப் பார்த்தால் எத்தனை உருவாகி எத்தனை போயிற்று என்று எண்ணிவிடலாம். ஒரு கொண்டசேரி எலியின் கருப்பை முழுக்கப் புள்ளி, ஒரு குட்டி கூட இல்லை. எலியால் எதையும் மறைக்க முடியாது. மனுஷிக்கு அப்படி ஒரு அடையாளமும் கிடையாது, அவளாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

சாயங்காலம் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தும் வழியெல்லாம் தலைவலி.

பிப்ரவரி 3

ஆய்வகத்துப் பார்மலின் வாடை இப்போதெல்லாம் குமட்டுகிறது. இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத வாடை. நாள் தள்ளியிருப்பது அலைச்சலால்தான். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 5

அவரிடம் மாங்காய் கேட்டேன். இந்தப் பருவத்தில் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனவர், எங்கிருந்தோ கொட்டை கட்டாத பிஞ்சு நாலு கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. மனுஷனுக்குச் சந்தேகமே வராது. ஒரு விதத்தில் நல்லதுதான். போன முறை மாதிரி நானே முந்திக்கொண்டு மனசுக்குள் பெயரெல்லாம் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

பிப்ரவரி 12

வேப்பந்தாங்கல் எலிகளை அறுத்தேன். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது.

ஆண் எலிகள் கொண்டசேரி எலிகள் மாதிரியே. பெண் எலிகளின் கருப்பையிலும் புள்ளி. காதில் போட்ட அடையாள வில்லைகளை இரண்டு முறை சரிபார்த்தேன். மேடம் கடுப்பாகிவிட்டார். இரண்டு ஊர்க் கூண்டுகளையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினால் இப்படித்தான் கலந்துபோகும், முதல் வருட மாணவி செய்கிற தப்பு என்றார். நான் கலக்கவில்லை. ஆனாலும் கலந்துவிட்டது என்று நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது. மறுபடி பிடித்து வரச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 17

மறுபடி பொறி. இந்தத் தடவை கொண்டசேரிப் பக்கமே போகவில்லை, எல்லாக் கூண்டும் எங்கள் வயலைச் சுற்றித்தான். வடையை எண்ணித்தான் கொடுத்தேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

பிப்ரவரி 25

அதே முடிவு. கலக்கவில்லை. வேப்பந்தாங்கல் எலிகள் இப்படித்தான் இருக்கின்றன.

பிப்ரவரி 27

வயிற்று வலி.

மார்ச் 1

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். உச்சி வெயிலில் போர்வையை ஏன் அலசுகிறாய், காய்ச்சல்காரி தண்ணீரில் கை வைக்கலாமா என்று அத்தை பிடுங்கப் பார்த்தார். வேப்பிலை வாடை பிடிக்கவில்லை, வாந்தி எடுத்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். நல்லவேளை, நிறம் போய்விட்டிருந்தது.

அத்தை சுக்கு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். வாயில் திட்டு, கையில் அன்பு, அதுதான் அத்தை. குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மார்ச் 4

கல்லூரிக்குப் போனேன். கரும்புள்ளிகளைப் படமெடுக்கும் வேலை. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 16

நாத்தனார் கோமதி வந்திருந்தாள். ஆறாம் மாதம். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள் என்று அத்தை மாப்பிள்ளையைக் கண்ணாலேயே எரித்தார். அடுத்த மாதம் இங்கேதான் வளைகாப்பு. அப்படியே இருத்திக்கொண்டு, தலைப்பிரசவம் பார்த்து, ஐந்தாம் மாதம் குழந்தையோடு அனுப்பிவைப்பதாக ஏற்பாடு.

கோமதி எனக்குப் பிடித்த பெண். வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே ஒரு உதை. "அண்ணி, இவன் என்ன விட நல்லா டான்ஸ் ஆடறான்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எழுந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. இருந்தது.

அத்தை அவளுக்காகவே அடைகாக்க விட்ட கோழிகளைக் காட்டினார். நாட்டுக்கோழி முட்டை, சொந்த மாட்டுப் பால், கொல்லைக் கீரை. டவுனில் இதெல்லாம் கிடைக்குமா என்றார். வளைகாப்பில் கோமதிக்குப் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்து வளையல் போட்டால் எனக்கும் சீக்கிரம் தங்கும் என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மார்ச் 23

காலையில் தோசை தின்றுகொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார், வண்டல் அள்ள இந்த வருடமும் ஆர்டர் வந்துவிட்டதாம். கோடையில் ஏரி வற்றியதும் அடியிலுள்ள வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளி வயலில் கொட்டிக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான். எருவுக்கு எரு, மண்ணுக்கு மண். நம் ஏரியில் எப்போது அள்ளப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம ஏரியில ஏது வண்டல்? வெறும் மணலு. கொண்டசேரி ஏரிதான். மண்ணு கன்னங்கரேல்னு மையாட்டம் இருக்கும். ரெண்டு வருசமா அங்கேர்ந்துதான் அடிக்கிறேன். ஊருக்கே நம்ம டிராக்டர்தான். இந்த வெளச்சல் சும்மாவா வந்துது?"

தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வரைபடத்தில் தூரம் பார்த்தேன், தண்ணீர் ஓடும் திசை பார்த்தேன், காற்றைக் கூடப் பார்த்தேன். மண் டிராக்டரில் ஏறி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய மேடத்துக்கும் தோன்றவில்லை. நான் பிறந்து வளர்ந்ததே இந்தப் பக்கம்தான், வருடாவருடம் வண்டல் வண்டி போவதைப் பார்த்தவள்தான்.

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. தோசை கருகியது.

மார்ச் 25

எங்கள் வயல் மண், கொல்லை மண், முட்டை, பால். நான்கையும் எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மேடம் யோசித்துவிட்டு, வேப்பந்தாங்கலை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு வேறு ஊர் பார்க்கலாம் என்றார். குடும்ப விஷயத்தை ஆய்வுக்குள் இழுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 30

இந்த வருடம் வண்டல் வேண்டாமே என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்றார். டிராக்டர் பழசாகிவிட்டது, ஏரிக்குள் இறக்கினால் கெட்டுப்போகும் என்றேன். "என் வண்டியப் பத்தி நீ பேசாத, ஒன் எலியப் பத்தி நான் பேசறனா" என்று சிரித்தார். இதற்குத்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்.

ஏப்ரல் 6

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும். எலியை வைத்து என்பேன். எலிக்கு ஆனால் நமக்கென்ன என்பார்கள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் சொல்ல முடியாது.

அதுவும் பதில்தானா என்று எனக்கே தெரியாது. கரு கலைய நூறு காரணம் உண்டு. எலிக்கு ஆனதுதான் எனக்கும் ஆயிற்று என்று எழுதினால் எந்த ஆய்விதழும் குப்பையில் போட்டுவிடும். மாதிரி எண்ணிக்கை, ஒன்று.

ஏப்ரல் 11

கோமதி பிரசவத்தைக் காஞ்சிபுரத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், பெரிய ஆஸ்பத்திரி பக்கம் என்று அத்தையிடம் மெல்ல ஆரம்பித்தேன். அத்தைக்கு வந்ததே கோபம். தாய் வீடு என்ற ஒன்று எதற்கு இருக்கிறது, பெற்றவள் உயிரோடு இருக்கும்போது மகள் எங்கே போய்ப் பெறுவாள் என்று பிடித்துக்கொண்டார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 17

முடிவு வந்துவிட்டது. மண்ணில் இருக்கிறது. முட்டையில் அதைவிட அதிகம். பாலிலும் இருக்கிறது. கொழுப்பில் தங்குகிற விஷம் வேறெங்கே போகும். அரிசியில் பெரிதாக இருக்காது என்றார்கள், அந்த அளவில் ஒரு ஆறுதல்.

கோமதிக்கு அத்தை ஊட்டப் போவது எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவள் வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, உள்ளே உறுப்பெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் ராங் நம்பர் போய்க்கொண்டே இருக்கும். பிறந்த பிறகு தாய்ப்பாலில் போகும். ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். எல்லா எலிக்கும் ஆவதில்லை. அந்த ஒருவேளையை நம்பி நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

இன்று இரவே அவரிடம் சொல்லிவிடுவது.

ஏப்ரல் 18

சொல்லவில்லை. வளைகாப்புக்குப் பந்தல்காரர் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கூட நின்று பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார். நாளை.

ஏப்ரல் 21

நேற்று நடந்ததை எழுத இன்றுதான் கை வருகிறது.

பந்தல் நிறையப் பெண்கள். கோமதி மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மனையில் நான். அவள் கையில் வளையல் ஏற ஏற, கூடவே என் கையிலும் ஆளுக்கொன்று போட்டார்கள். அடுத்தது உனக்குத்தான் என்று ஒவ்வொருத்தியும் கன்னத்தைத் தடவினாள். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்தேன்.

அத்தை பெரிய டம்ளரில் குங்குமப்பூ போட்ட பால் கொண்டுவந்தார். காலையில் கறந்தது. குழந்தை சிவப்பாகப் பிறக்கும், ஒரே மூச்சில் குடி என்று கோமதி வாயில் வைத்தார். நான் தட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. பால் முழுக்க அவள் புடவையில்.

வேறு வழியில்லாமல் அங்கேயே சொன்னேன். கொண்டசேரி வண்டலில் விஷம் இருக்கிறது, மாடும் கோழியும் அந்த மண்ணில்தான் மேய்கின்றன, பாலைப் பரிசோதனை செய்துவிட்டேன், பிள்ளைத்தாய்ச்சி இங்கே இருக்கக் கூடாது, எலிகளுக்குக் கரு நிற்கவில்லை. கோர்வையாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். எலி என்றதும் யாரோ சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. "ஒனக்கு இல்லன்னு எம் பொண்ணு வயித்துல அடிக்கிறியா?"

எல்லாரும் மனசுக்குள் நினைத்ததைத்தான் அத்தை வாய்விட்டுக் கேட்டார். கோமதி கூட என்னைப் பார்க்கவில்லை. புடவையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இருந்துச்சு அத்தை" என்றேன். "ரெண்டு தபா. போன ஆடியில ஒண்ணு, இந்த மாசியில ஒண்ணு. ரெண்டும் நிக்கல. அன்னிக்கு நான் அலசின போர்வை காய்ச்சல் போர்வை இல்ல."

அத்தை அப்படியே மனையில் உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்கு வெளியே ஆண்கள் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் நிமிர்ந்தபோது அவர் தண்ணீர் ஜக்கோடு பந்தல் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

கோமதியின் வீட்டுக்காரர் அதற்குமேல் யார் பேச்சையும் கேட்கவில்லை. சாயங்காலமே அவளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கலவை சாதம் அண்டா அண்டாவாக மிஞ்சியது.

பிறகு கொல்லையில் என் வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தினி எலி வயித்தத் தொறந்து தேடியிருக்க. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல."

அடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மே 2

அவர் வண்டல் அள்ளப் போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் வேறு டிராக்டர் பிடித்து அள்ளிவருகிறார்கள். வண்டிகள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகின்றன. கறுப்பு மண், வழியெல்லாம் சிந்திக்கொண்டு. நான் குறுக்கே நின்று ஒருவரிடம் சொன்னேன். "டீச்சரம்மா, ஒங்க வயல்ல மட்டும் வெளஞ்சா போதுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மே 7

பால் சொசைட்டிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பாலை வாங்காதீர்கள் என்று நானே சொன்னேன். செயலாளர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்களுடைய மெஷின் கொழுப்பும் தண்ணீரும்தான் பார்க்குமாம். எங்கள் மாட்டுப் பாலில் கொழுப்பு நல்ல அளவு இருக்கிறது என்று பாராட்டினார். விவசாய அலுவலகத்தில் மனு கொடுத்தேன், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

மேடம் போன் செய்தார். ஊரை மாற்றச் சொன்னது தன் தப்பு, வேப்பந்தாங்கல்தான் இனி ஆய்வே என்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

மே 19

அத்தை இன்றும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தார். தான் குடிக்கிற காப்பிக்குப் பால் விட்டு, எனக்கு வரக்காப்பி.

மே 28

அவர் என்னோடு பேசுகிறார். உப்பு, புளி, கரண்ட் பில் பற்றி. ஒரு நாள் கூட மண்ணைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. என்னை நம்புகிறாரா, அத்தையைப் போல நினைக்கிறாரா, தெரியவில்லை. முன்பு அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

ஜூன் 14

கோமதிக்கு ஆண் குழந்தை. சுகப்பிரசவம். நல்ல எடை, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அவரும் அத்தையும் போய்ப் பார்த்துவந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாச் சாமிக்கும் கும்பிடு போட்டேன்.

ஜூன் 24

இன்று அத்தை என்னோடு பேசினார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறை. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், மூவரும்.

"கொழந்த குண்டுமணியாட்டம் இருக்குது. ஒண்ணும் ஆவல. பாத்த இல்ல?" என்றார். குரலில் கோபம் கூட இல்லை, ஜெயித்தவர் குரல். இதற்கா அன்றைக்கு நாலு பேர் முன்னால் அந்தப் பேச்சு, மகளைப் பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று தொடர்ந்தார். அடுத்த வாரம் தீட்டுக் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் அழைத்து வந்து ஐந்து மாதம் வைத்துக்கொள்ளப் போகிறார். மாப்பிள்ளையிடம் பேசிச் சம்மதிக்கவைத்துவிட்டாராம். கோமதி இளைத்துவிட்டாள், இங்கே பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பால் ஊறும்.

நான் என்ன சொல்வது? அந்தக் குழந்தை நன்றாக இருப்பதே நான் பொய் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. அது இந்த வீட்டுப் பாலைக் குடிக்காமல் வளர்ந்ததால் நன்றாக இருக்கிறதா, குடித்திருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்குமா, எந்த எலியை அறுத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு முறை சண்டை போட என்னிடம் தெம்பும் இல்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் அத்தை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தேன். வாய் வரை வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கோமதிய இங்க இட்டார வேணாம்மா."

அத்தை புரியாமல் பார்த்தார்.

"இவ சொன்னா பொறாமன்னுவ. நான் சொல்றேன். அந்த மண்ணக் கொண்டாந்தது நானு. மொத நாளு ஏரியில மம்முட்டி போட்டப்பவே மருந்து நாத்தம் கொமட்டிச்சு. வெயில்ல காஞ்சா போயிடும்னு நெனச்சேன். மண்ணு கறுப்பா இருக்கவும் விட மனசு வரல. ஊரு பூரா நான்தாம்மா கொட்டினேன்."

அவர் அழவில்லை. தட்டையே பார்த்துச் சொன்னார். இந்த இரண்டு மாதமும் அவர் சும்மா இருந்தது என் மேலுள்ள கோபம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில், நாற்றம் தெரிந்துமா என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரமும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அத்தை கை கழுவிவிட்டுப் போனார். கோமதிக்குப் போன் போட்டு, இப்போதைக்கு அங்கேயே இரு, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது சமையலறையிலிருந்து கேட்டது. காரணம் சொல்லவில்லை. மகன் மேல் பழி வராமல் எதையோ சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலம் மாடு கத்த ஆரம்பித்தது. மடி கட்டிக்கொண்டால் அதற்கு வலிக்கும். கறக்காமல் விட முடியாது. அத்தை போய் உட்கார்ந்து வழக்கம்போலக் கறந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சொசைட்டி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"கறந்தாச்சு" என்றார் என்னைப் பார்த்து. "இத நான் இன்னா பண்றது?"

சொசைட்டியில் ஊற்றினால் எவள் பெற்ற பிள்ளைக்கோ போகும். மண்ணில் கொட்டினால் வந்த இடத்துக்கே போகும். எனக்குத் தெரியவில்லை அத்தை என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து வாளியில் ஒரு கை பிடித்துக்கொண்டார், வண்டி இரண்டாவது முறை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று, நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாலை வைத்துக்கொண்டு நின்றோம்.